கெட் ஏன் மலைக்குப் போனான்?

"எர்த்ஸீயா? முதல் மூன்றையும் படி. அதோடு நிறுத்திக்கொள்." உர்சுலா லெ குவின் எழுதிய இந்த மந்திரக்கதை நாவல் வரிசையைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்பவர் அந்தப் புத்தகங்களை வெறுப்பவர் இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அவற்றைப் படித்து, அந்தத் தீவுகளின் வரைபடத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்வார். நேசித்தவர் சொல்கிற அறிவுரை என்பதால்தான் அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணங்களைக் கேட்டால் ஒவ்வொன்றும் கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது. நான்காவது புத்தகமான 'டெஹானு'வில் மந்திரம் இல்லை, சாகசம் இல்லை, கதாநாயகன் கதாநாயகனாக இல்லை, பெண்ணியப் பிரசங்கம் நடக்கிறது என்பார்கள். இதெல்லாம் ஓரளவு உண்மை. அந்த ஏமாற்றம் அத்தனை ஆழமாக இறங்குவதற்கு இவை போதுமான காரணங்கள் இல்லை என்பதுதான் சிக்கல்.

காலக்கணக்கைப் பார்த்துவிடலாம். 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968. 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' 1971. 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' 1972. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த பர்னாஸஸ் என்ற சிறிய பதிப்பகம், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று கேட்டதில் தொடங்கிய வரிசை அது. மூன்றாவது வந்ததும் எல்லோரும் அதை முடிந்த கதையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து, 1990-ல், 'டெஹானு' வந்தது. அட்டையிலேயே 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று துணைத்தலைப்பு. அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபுலா விருதும் அதற்குத்தான். பிறகு 2001-ல் ஒரே ஆண்டில் இன்னும் இரண்டு: 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' என்ற கதைத் தொகுப்பு, 'தி அதர் விண்ட்' என்ற நாவல். கடைசிப் புத்தகம் என்று போட்டதற்காக லெ குவின் தன்னையே முட்டாள் என்று கேலி செய்துகொண்டு அந்தத் தொகுப்பின் முன்னுரையை எழுதினார்.

காலம் கடந்து வரும் தொடர்ச்சிகளில் சில வகைகள் உண்டு. இடைவெளியை நிரப்புவது ஒன்று: 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' வரிசையில் மாண்ட்கோமரி 1915-லும் 1917-லும் வந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவே விட்டுப்போன மூன்று ஆண்டுகளை 1936-ல் எழுதிச் செருகினார். அடுத்த தலைமுறைக்குப் போவது இன்னொன்று, 2016-ல் மேடையேறிய ஹாரி பாட்டர் நாடகத்தைப் போல. பார்த்த காட்சிகளையே இன்னொருவர் கண்ணால் திரும்பப் பார்ப்பது மூன்றாவது, 'ட்விலைட்' வரிசையில் 2020-ல் வந்த 'மிட்நைட் சன்' மாதிரி. வில்லனின் இளமைக்குத் திரும்பிப் போவது நான்காவது, அதே ஆண்டு வந்த 'ஹங்கர் கேம்ஸ்' முன்கதை. இவை எதிலும் பழைய முடிவை யாரும் தொடுவதில்லை. ஹாரி பாட்டர் நாடகம் பிடிக்காதவர் அது நடக்கவே இல்லை என்று முடிவுகட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். 'டெஹானு' அந்த வசதியைத் தருவதில்லை. பழைய கதையின் கடைசிப் பக்கம் உலர்வதற்குள் அது ஆரம்பித்துவிடுகிறது. எழுதியவருக்குப் பதினெட்டு ஆண்டு ஆகியிருக்கிறது, கதைக்குள் ஒரு நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் புத்தகத்தின் முடிவில் டிராகன் முதுகில் ஏறிப் பறந்த கதாநாயகன், மந்திரவாதி கெட், நான்காம் புத்தகத்தின் நான்காவது அத்தியாயத்தில் அதே டிராகனிலிருந்து அரை உயிராக இறங்குகிறான்.

ஒரு மலை, ஒரு பண்ணைவீடு

இரண்டு புத்தகங்களின் முதல் வாக்கியத்தை அருகருகே வைத்தால் பாதி ஏமாற்றம் விளங்கிவிடும். முதல் புத்தகம் காண்ட் தீவிலிருந்து தொடங்குகிறது. புயல் அலைக்கழிக்கும் வடகிழக்குக் கடலுக்கு மேலே ஒரு மைல் உயரத்துக்கு எழும் ஒற்றை மலை அந்தத் தீவு, மந்திரவாதிகளுக்குப் பேர்போன மண். வரைபடத்தின் உயரத்திலிருந்து, ஒரு பாணன் பாடுகிற குரலில் வரும் வாக்கியம். 'டெஹானு' அதே தீவில் தொடங்குகிறது. ஃப்ளிண்ட் என்ற விவசாயி செத்துப்போனான், அவன் விதவை பண்ணைவீட்டிலேயே தங்கிவிட்டாள். அவ்வளவுதான். மலை அங்கேயேதான் நிற்கிறது, பார்க்கிற கண்தான் சமையலறைக்கு இறங்கிவிட்டது.

அந்த விதவை யாரென்று தெரியும்போதுதான் முதல் அடி விழுகிறது. அடுவானின் இருட்டுச் சுரங்கத்தில் பெயரற்ற சக்திகளுக்குப் பூசாரியாக இருந்தவள், உடைந்து கிடந்த, பழைய மாவீரன் எர்ரத்-அக்பேயின் வளையத்தோடு ஹாவ்னர் நகருக்குள் நுழைந்தவள், இரண்டாம் புத்தகத்தின் நாயகி டெனார். மகா மந்திரவாதியான ஓகியன் அவளைத் தன் வீட்டில் வைத்துக் கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தார். அவள் அதை விட்டுவிட்டு ஒரு விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளை பெற்றாள். ஊர் அவளை கோஹா என்று கூப்பிடுகிறது. இரண்டாம் புத்தகத்தைப் பன்னிரண்டு வயதில் படித்த பெண், டெனார் என்னவெல்லாம் ஆகியிருப்பாள் என்று கற்பனை செய்திருப்பாள், அந்தப் பட்டியலில் நிச்சயம் இது இருந்திருக்காது. லெ குவினுக்கும் இதே இடத்தில்தான் முட்டியது. மூன்றாவது முடிந்த சில காலத்திலேயே நான்காவதை ஆரம்பித்து, டெனார் ஏன் இப்படி ஆனாள் என்று புரியாமல் கைவிட்டவர் அவர். அவ்வளவு நீண்ட இடைவெளிக்கு இதுதான் காரணம். விற்பனைக்காக இழுத்த கதை என்ற குற்றச்சாட்டு இதனாலேயே அடிபட்டுப் போகிறது.

பெண்ணியப் பிரசங்கம் என்ற புகாரையும் இங்கேயே பார்த்துவிடலாம். 'பெண்ணின் மந்திரம் பலவீனம்', 'பெண்ணின் மந்திரம் பொல்லாதது' என்ற இரண்டு பழமொழிகளும் 1968-லேயே, முதல் அத்தியாயத்திலேயே, காண்ட் தீவின் வழக்காக இடம்பெற்றுவிட்டன. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஒன்பது ஆசான்கள், ஒன்பதும் ஆண்கள். கிராமத்துச் சூனியக்காரி ஒருத்திதான் கெட்டுக்கு முதல் மந்திரத்தைச் சொல்லிக் கொடுக்கிறாள், பிறகு கதை அவளை மறந்துவிடுகிறது. இதையெல்லாம் முதல் மூன்று புத்தகங்கள் கேள்வி கேட்காமல் வைத்திருந்தன. வீரக்கதை மரபு ஆண்களுடையது, நானும் அதற்குள் நின்று ஆணைப் போலத்தான் எழுதினேன் என்கிற அர்த்தத்தில் லெ குவினே 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உரையாற்றியிருக்கிறார். ஆகவே நான்காவது புத்தகம் வெளியிலிருந்து ஒரு கொள்கையைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. உள்ளே முளைக்காமல் கிடந்த விதைக்குத் தண்ணீர் விட்டது. விட்ட தண்ணீர் சில இடங்களில் கொஞ்சம் அதிகம்தான். டெனாரின் மகன் ஸ்பார்க் கடலிலிருந்து திரும்பிவந்து, சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவ மறுத்து, பண்ணை தனக்குத்தான் என்று உட்காரும் காட்சி ஓர் உதாரணத்துக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. ஆனால் காண்ட் தீவின் சொத்துரிமை என்ன, ஆண் வாரிசு வரும்வரை மட்டும்தான் விதவைக்குப் பாத்தியதை என்பது போன்ற விவரங்கள் அந்த உலகுக்கு அதுவரை இல்லாத ஒரு தரையைக் கொடுக்கின்றன. டிராகன்களின் பேச்சுமொழிக்கு இலக்கணம் தெரிந்த வாசகருக்கு, அந்தத் தீவில் ஒரு பெண் எதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியும் என்பது அதுவரை தெரியாது.

இரண்டு முடிவுகள்

ஏமாற்றம் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினால் 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' நாவலின் கடைசிப் பக்கத்துக்குப் போகவேண்டும். செலிடார் தீவின் கரையில் எல்லாம் முடிந்தாயிற்று. சாவை வென்றுவிடுவதாக நினைத்துக்கொண்டு காப் என்கிற மந்திரவாதி திறந்துவிட்ட ஓட்டை வழியே உலகத்தின் உயிர், ஒளி, சொற்கள் எல்லாம் வடிந்துகொண்டிருந்தன. கெட் தன்னிடமிருந்த சக்தி முழுவதையும், ஒரு துளி மிச்சமில்லாமல், செலவழித்து அதை மூடினான். கலெஸின் என்ற மூத்த டிராகன் அவனையும் இளைஞன் அர்ரனையும் ரோக் தீவுக்குச் சுமந்து வருகிறது. கெட் அர்ரன் முன்னால் மண்டியிட்டு அவனை அரசனாக ஏற்கிறான். மறுபடி டிராகன் மேல் ஏறிப் போய்விடுகிறான். செய்கிற வேலை அவருக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகிறார் என்று வாயில்காக்கும் ஆசான் புன்னகையோடு சொல்கிறார்.

இதற்குப் பிறகு ஒரே ஒரு சிறிய பகுதி. அதில் இரண்டு கதை. கெட்டைப் பற்றிய பாட்டு, முடிசூட்டு விழாவுக்கு அவன் ஹாவ்னர் வந்தான், பிறகு தன் பழைய படகான லுக்ஃபாரில் தனியாக ஏறினான், பாயும் துடுப்பும் இல்லாமலே படகு மேற்கே போனது, அதன்பின் அவனைப் பற்றித் தகவல் இல்லை என்கிறது. காண்ட் தீவுக்காரர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்: இளம் அரசனே அவனைத் தேடி வந்தான், துறைமுகத்திலும் இல்லை, ரே அல்பி கிராமத்திலும் இல்லை, மலைக்காட்டுக்குள் கால்நடையாகப் போய்விட்டான் என்றார்கள், தேடிப் பிடித்து வரட்டுமா என்று கேட்டவர்களை அரசன் தடுத்து, என்னுடையதைவிடப் பெரிய ராஜ்ஜியத்தை அவர் ஆள்கிறார் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டான்.

கவனமாகப் படிப்பவருக்கு இதில் பாட்டு சொல்வது நடந்திருக்க முடியாது என்பது புரியும். லுக்ஃபார் படகு செலிடார் கரையில் விடப்பட்டது. திரும்பி வந்தது டிராகன் முதுகில். பாட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தீர்ப்புச் சொல்லாமல் புத்தகம் மூடிக்கொண்டது. வாசகர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். கடல் பிடித்தவருக்குக் கடல், மலை பிடித்தவருக்கு மலை. இரண்டிலும் கெட் பெரியவனாகவே இருந்தான். பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பக்கம் வாசகரின் சொத்து.

'டெஹானு' மலையை எடுத்துக்கொள்கிறது. அதில்கூடப் பெரிய பாதகம் இல்லை, படகு செலிடாரில் கிடக்கும்போது வேறு வழியும் இல்லை. அரசனின் ஆட்கள் கெட்டை விழாவுக்கு அழைத்துப் போகக் கப்பலில் வருகிறார்கள். தூரத்தில் கப்பலைப் பார்த்ததும் அவன் முகம் வெளுக்கிறது. அவர்களைப் பார்க்க முடியாது என்கிறான். டெனார் பொய் சொல்லி அவனை மறைத்துத் தன் பண்ணைக்கு அனுப்பிவைக்கிறாள், அவன் அங்கிருந்து மலைமேல் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான். ஆக, காண்ட் தீவுக்காரர்கள் சொன்னது சாரத்தில் பொய் இல்லை. அரசனின் ஆட்கள் தேடி வந்தார்கள், அவன் கிடைக்கவில்லை, மலைக்குப் போயிருந்தான். போன காரணம்தான் வேறு. பெரிய ராஜ்ஜியத்தை ஆளப் போகவில்லை. வெட்கப்பட்டு ஒளியப் போனான்.

இந்த ஒரு திருத்தம்தான் காயம். நடந்ததை மாற்றவே இல்லை, நடந்ததன் காரணத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். எழுத்தாளர் நிகழ்ச்சியை மாற்றினால் வாசகர் சண்டை போடலாம், பழைய புத்தகத்தைத் திறந்து ஆதாரம் காட்டலாம். காரணத்தை மாற்றினால் ஆதாரம் எதுவும் கையில் இல்லை. பழைய பக்கத்தைத் திரும்பப் போய்ப் படித்தால், அதே சொற்கள் இப்போது வேறு பொருள் தருகின்றன. அரசனின் அந்த கம்பீரமான வாக்கியம், பாவம், விஷயம் தெரியாத ஒரு இளைஞன் சொன்னதாகிவிடுகிறது.

இதைக் கண்டுகொண்ட பிறகுதான் இன்னொன்று தெரிகிறது. கெட் அந்தப் புத்தகத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறான்? தான் முன்பு யாராக இருந்தோமோ அது இப்போது இல்லையே என்று குமுறுகிறான். தன்னுடைய கதை எங்கே முடிந்திருக்க வேண்டுமோ அங்கே முடியவில்லை, செலிடாரிலேயே செத்திருக்கலாம் என்ற மனநிலையில் இருக்கிறான். மூன்றாவது புத்தகத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று சொல்கிற வாசகரின் குரல்தான் அது. மாஸ் அத்தை என்கிற கிராமத்துச் சூனியக்காரி டெனாரிடம் ஒன்று சொல்கிறாள்: ஆண் தன் தோலுக்குள் இருப்பது ஓட்டுக்குள் பருப்பு இருக்கிற மாதிரி, மந்திரவாதியானால் ஓட்டுக்குள் முழுக்கச் சக்திதான், அதை எடுத்துவிட்டால் வெறும் ஓடு. நம் ஏமாற்றத்தையும் கிட்டத்தட்ட அதே சொற்களில் சொல்லிவிடலாம். மந்திரத்தை எடுத்துவிட்டால் கெட் என்று என்ன மிச்சம்? புத்தகம் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் இருநூறு பக்கம் கூடவே உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலத்து இரவில் டெனாரின் வீட்டைக் கெட்ட ஆட்கள் சூழும்போது கெட் வருகிறான். கையில் மந்திரக்கோல் கிடையாது, வைக்கோல் அள்ளும் கவைக்கோல். அதனால் ஒருவனைக் குத்திவிட்டு, குத்தப்பட்டவனுக்கு முன்னால் நடுங்கிப்போய் நிற்கிறான். டிராகன்களோடு பேசியவன் முதல்முறையாக வெறும் உடம்போடு ஒரு காரியம் செய்வது இந்த இடத்தில்தான். வரிசை முழுவதிலும் இதைவிட நேர்மையான சண்டைக்காட்சி கிடையாது என்பது என் கட்சி.

டெஹானுவில் உண்மையிலேயே பழுதான இடம்

பழுதே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆஸ்பென் என்ற மந்திரவாதி. ரே அல்பி பிரபுவின் மாளிகையில் இருப்பவன். டெனாரைக் கட்டுப்பாட்டு மந்திரத்தால் நாய்போல ஊர்ந்து போகவைக்கிறான், கெட்டையும் பிடித்துவிடுகிறான், இருவரையும் மலைவிளிம்புக்கு நடத்திப் போகிறான். டெனார் எடுத்து வளர்க்கும், தீயில் பாதி முகமும் ஒரு கையும் வெந்துபோன சிறுமி தெர்ரு ஓடிப்போய் டிராகன்களின் மொழியில் கலெஸினைக் கூப்பிடுகிறாள். டிராகன் வந்து ஆஸ்பெனைச் சாம்பலாக்குகிறது, அவளை டெஹானு என்ற மெய்ப்பெயரால் அழைக்கிறது. எல்லாம் கடைசி இரண்டு அத்தியாயத்துக்குள். இங்கே தவறு எங்கே என்று துல்லியமாகச் சொல்லலாம். அதுவரை கொடுமை என்பது பெயர்கூடச் சரியாகத் தெரியாத சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது: ஒரு குழந்தையை அடித்துத் தீயில் தள்ளியவர்கள், வழியில் பின்தொடர்பவர்கள், கதவைத் தட்டுபவர்கள். அதில் பயம் இருந்தது. ஆஸ்பென் வந்ததும் கொடுமைக்கு ஒரு கறுப்பு அங்கி மாட்டியாகிவிட்டது, வில்லன் என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. மந்திரமில்லாமல் வாழ்வது எப்படி என்று கேட்ட புத்தகம், பதிலைக் கடைசியில் வானத்திலிருந்து இறக்குகிறது. தெர்ருவுக்கும் டிராகனுக்கும் உள்ள உறவு ஆரம்பத்திலிருந்தே நெய்யப்பட்டிருக்கிறது என்பதால் முழு மோசடி என்று சொல்லமுடியாது. ஆனால் அவசரம் தெரிகிறது.

சரி, பெரிய பழுது எது என்று கேட்டால் என் விரல் ஆறாவது புத்தகத்தைக் காட்டும். ஏமாற்றம் தவறான புத்தகத்தின் மேல் விழுந்திருக்கிறது என்பதுதான் நான் இவ்வளவு சுற்றி வருவதன் காரணம்.

'தி அதர் விண்ட்' பரவலாகப் பிடித்த புத்தகம். 'டெஹானு'வால் புண்பட்டவர்கள்கூட அதை மன்னித்து ஏற்றுக்கொண்டார்கள். அரசன் இருக்கிறான், டிராகன்கள் இருக்கின்றன, கடல் பயணம் இருக்கிறது, ரோக் தீவின் தோப்பில் எல்லோரும் கூடுகிறார்கள். ஆல்டர் என்கிற எளிய மந்திரக்காரன், உடைந்ததை ஒட்டவைப்பதில் கைதேர்ந்தவன், செத்துப்போன மனைவியைக் கனவில், செத்தவர்களின் உலகமான வறள்நிலத்தின் தாழ்வான கல்சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறான். சுவரின் குறுக்கே அவள் அவனை முத்தமிடுகிறாள். அதன்பின் இரவெல்லாம் செத்தவர்கள் விடுதலை கேட்டு அவனை அழைக்கிறார்கள். கனவைத் தடுக்க ஒரு பூனைக்குட்டியைப் படுக்கையில் வைத்துக்கொண்டு தூங்குகிறான், உயிருள்ள ஒன்றின் ஸ்பரிசம் இருந்தால் சுவர்வரை போகவேண்டியதில்லை. இந்த ஆரம்பப் பக்கங்கள் லெ குவின் எழுதியதிலேயே மிக நல்ல பக்கங்களில் சேரும்.

பிறகு விளக்கம் தொடங்குகிறது. வறள்நிலம் என்பது 1964-ல் வந்த ஒரு சிறுகதையிலேயே, எர்த்ஸீ நாவல்களுக்கும் முன்னாலேயே, வந்துவிட்ட இடம். காற்றில்லாத, அசையாத நட்சத்திரங்களுக்குக் கீழே, செத்த தாய் பக்கத்தில் நிற்கும் செத்த குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஏன் இப்படி என்று யாரும் சொல்லவில்லை, அதனால்தான் அது பயங்கரமாக இருந்தது. ஆறாவது புத்தகம் சொல்லிவிடுகிறது: மனிதரும் டிராகன்களும் ஆதியில் ஒன்று, பிரிந்தபோது செய்துகொண்ட ஒப்பந்தத்தை மந்திரவாதிகள் மீறினார்கள், சாகாமல் இருக்க ஆசைப்பட்டு டிராகன்களின் மேற்கு வெளியில் ஒரு பகுதியைத் திருடி, பெயர்மந்திரத்தால் வேலிகட்டினார்கள், அந்த வேலிக்குள் காற்று செத்துப்போனது, அதுதான் வறள்நிலம். மெய்ப்பெயர் வைத்துக்கொள்ளாத கார்காட் மக்கள் மட்டும் அங்கே போகாமல் மறுபடி பிறக்கிறார்கள். ஆகவே சுவரை இடித்தால் தீர்ந்தது. இடிக்கிறார்கள். தீர்ந்துவிடுகிறது.

இதில் கெட் மூன்றாம் புத்தகத்தில் கொடுத்த விலை என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். சாவையும் வாழ்வையும் பிரிக்கிற எல்லை காக்கப்பட வேண்டும் என்பதற்காகத் தன்னை முழுவதும் செலவழித்தவன் அவன். இப்போது அந்த இடமே ஆதியிலிருந்து ஒரு திருட்டு, அதன் சுவர் இடிக்கப்பட வேண்டியது என்றாகிறது. ஆதரவாளர்களிடம் இதற்குப் பதில் உண்டு, பதில் வலுவானதும்கூட: காப் திறந்தது உயிரை வடியவிட்ட ஓட்டை, சுவர் வேறு ஓட்டை வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. தவிர, மூன்றாம் புத்தகத்திலேயே கெட், மாவீரன் எர்ரத்-அக்பே இங்கே இல்லை, இங்கே இருப்பது நிழலும் தூசியும்தான், அவன் அங்கே மண்ணாகவும் வெயிலாகவும் இலைகளாகவும் இருக்கிறான் என்று காப்பிடம் சொல்கிறான். அப்படியானால் நிழல்களை அடைத்துவைக்க ஒரு நிலம் எதற்கு என்ற கேள்வி 1972-லேயே கதைக்குள் இருந்தது, லெ குவின் முப்பது ஆண்டு கழித்து அதற்குப் பதில் எழுதினார். ஒப்புக்கொள்கிறேன். தர்க்கம் சரியாகவே இருக்கிறது. ஆனால் தர்க்கம் சரியாகிவிட்டதுதான் இடறுகிறது. நான்காவது புத்தகம் நம்மிடமிருந்து ஒரு கதாநாயகனை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் ஒரு மனிதனைக் கொடுத்தது. ஆறாவது ஒரு மர்மத்தை எடுத்துக்கொண்டு ஒரு வரலாற்றுக் குறிப்பைக் கொடுக்கிறது. எது நஷ்டம்?

படிக்கப் போகிறவருக்கு

முதல் மூன்றோடு நிறுத்து என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம். பிரிட்டனில் 1993-ல் வந்த 'தி எர்த்ஸீ குவார்டெட்' போன்ற நான்கும் ஒன்றான தொகுப்பை ஒரே மூச்சில் படிப்பது ஏமாற்றத்தைக் காசு கொடுத்து வாங்குவது. மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கும் நான்காவதன் முதல் பக்கத்துக்கும் நடுவே பதினெட்டு ஆண்டு இருந்தது, ஒரே கட்டில் அது ஒரு வெற்றுத்தாள். குறைந்தது சில ஆண்டுகள் இடைவெளி விடுங்கள். திரும்ப எடுக்கும்போது மூன்றாவதை முழுதாகப் படிக்க வேண்டாம், அதன் கடைசி அத்தியாயம் போதும். ஆனால் இரண்டாவதை முழுக்கப் படிக்கவேண்டும், ஏனென்றால் 'டெஹானு' டெனாரின் கதை, அது 'அடுவா'னுக்குத் தொடர்ச்சி. கெட்டின் தொடர்ச்சியாக நினைத்து நுழைந்தவர்களுக்குத்தான் அடி அதிகம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பதென்றால் முதல் மூன்றே சரி. நான்காவதில் குழந்தை மீதான வன்முறை மையமாகவே இருக்கிறது, பதினாறு பதினேழு வயதாகட்டும்.

அதற்குப் பிறகு நேராக 'தி அதர் விண்ட்' நாவலுக்குத் தாவுவது பலரும் செய்கிற தவறு. நடுவில் 'டேல்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதையான 'டிராகன்ஃப்ளை' இருக்கிறது; ரோக் பள்ளியின் கதவைத் தட்டும் இரியன் என்ற பெண் யார், என்ன ஆனாள் என்று தெரியாமல் நாவலில் அவள் வந்து இறங்கினால் ஒன்றும் புரியாது. அதே தொகுப்பின் முதல் கதை 'தி ஃபைண்டர்', அந்தப் பள்ளியைத் தொடங்கியதில் பெண்களுக்கு இருந்த பங்கைச் சொல்வது, பழைய உலகத்தைத் திருத்துவதில் எது நன்றாக வரும் என்பதற்கு நல்ல சான்று. முன்னூறு ஆண்டு பின்னால் போய்ப் புதிய ஆட்களை வைத்துச் சொல்வதால் நாம் நேசித்த எவர் மீதும் கை வைக்காமல் அந்தத் திருத்தம் நடந்துவிடுகிறது. பின்னிணைப்பாக இருக்கிற எர்த்ஸீ வருணனையைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுங்கள், அது கெசட்டியர் மாதிரி, தகவல் தொகுப்பு.

2018 ஜனவரியில் லெ குவின் இறந்தார். அந்த ஆண்டே சார்லஸ் வெஸ் வரைந்த ஓவியங்களோடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பெரிய தொகுப்பு வந்தது. அதில் 'ஃபயர்லைட்' என்ற சில பக்கக் கதையும் உண்டு, அவர் இறந்த பிறகு அச்சானது. கெட் படுக்கையில் கிடக்கிறான். ஓகியனின் பழைய வீடு, டெனார் பக்கத்தில் இருக்கிறாள், அடுப்பின் வெளிச்சம். நினைவில் படகுகள் வருகின்றன. செலிடார் கரையில் விட்டுவந்த லுக்ஃபார் வருகிறது. அவன் அதில் ஏறிக் கடலுக்குப் போகிறான்.